தூரம் போகும் பந்து எது? சிங்கப்பூரில் ஆடுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கோல்ஃப் கடையில் பந்துப் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் "தூரம்" என்ற சொல் எங்காவது அச்சாகியிருக்கும். 28 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெட்டியிலும் இருக்கும், 80 வெள்ளிப் பெட்டியிலும் இருக்கும். இரண்டுமே பொய் இல்லை என்பதுதான் சிக்கல்.

எந்த நிறுவனமும் இஷ்டத்துக்குத் தூரம் போகும் பந்தைச் செய்து விற்றுவிட முடியாது. அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து விதி வகுத்திருக்கின்றன. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கும் வரம்பு உண்டு. இவை போதாதென்று, மணிக்கு 120 மைல் வேகத்தில் இயந்திரம் அடிக்கும்போது பறப்பதும் உருள்வதும் சேர்த்து 317 கெஜம்தான் போகலாம். அதற்கு மேல் 3 கெஜம் மட்டும் பொறுத்துக்கொள்வார்கள். இந்தச் சோதனையைக் கடுமையாக்கப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள்: வேகம் 125 மைல், கிளம்பும் கோணம் 11 பாகை, சுழற்சி நிமிடத்துக்கு 2,200, தூர வரம்பு அதே 317. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு இது 2030 ஜனவரியில் வரும் என்றது அறிவிப்பு. மிதமான வேகத்தில் அடிப்பவருக்கு அதனால் குறையப்போவது 5 கெஜம்கூட இருக்காது என்பது அவர்கள் கணக்கு. இதற்குப் பயந்து இப்போதே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

நல்ல பந்துகள் எல்லாமே இந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கின்றன. ஆகவே "பழைய பந்தைவிட 20 கெஜம் கூடப் போகிறது" என்று ஃப்ளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) ஒருவர் சொன்னால், அந்தப் பந்து விதிக்குப் புறம்பானதாக இருக்கும், அல்லது அவர் ஒப்பிட்டது ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) அடிவாங்கித் தேய்ந்த பந்தோடு இருக்கும். விதிக்கு உட்பட்ட இரண்டு புதுப் பந்துகளுக்கு இடையே வார இறுதி ஆட்டக்காரர் டிரைவரில் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டையில்) பார்க்கும் வித்தியாசம் ஒற்றை இலக்கக் கெஜம். அந்தச் சில கெஜமும் எல்லோருக்கும் ஒரே பந்தில் கிடைப்பதில்லை. ஒருவருக்கு ஐந்து கெஜம் கூட்டித் தரும் பந்தே இன்னொருவருக்கு ஐந்து கெஜம் குறைக்கும்.

இங்கே தரை உருட்டித் தராது

டிரைவர் தூரம் என்பது காற்றில் பறப்பதும் விழுந்தபின் உருள்வதும் சேர்ந்தது. பந்து விளம்பரங்கள் பெரும்பாலும் கூட்டுத்தொகையைத்தான் பேசும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஃபேர்வேயில், அதாவது ஆடும் புல்பாதையில், அடர்ந்து நிற்கும் ஸோய்சியா புல். மழை விட்ட மறுநாள் காலை ஏழு மணிக்கு டீ-ஆஃப் (முதல் அடி) என்றால் பந்து தரையில் ஒரு குழி போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே நிற்கும். வறண்ட வாரத்திலும் பத்துப் பன்னிரண்டு கெஜம் உருண்டால் அதிர்ஷ்டம். ஸ்காட்லாந்தின் கடலோரத் திடலில் கோடைக்காலத்தில் முப்பது நாற்பது கெஜம் ஓடுகிற பந்தை வைத்து எழுதிய பரிந்துரைகள் இங்கே செல்லாது. தாழப் பறந்து ஓடும் பந்து இந்த ஊரில் உருள வேண்டிய தூரத்தை மண்ணுக்குக் கொடுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, காற்றில் எவ்வளவு போகிறது என்பது மட்டுமே.

தட்பவெப்பத்தைப் பொறுத்தவரை நமக்கு யோகம்தான். 30 பாகையில் காற்று, 10 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு லேசானது. ஈரப்பதம் கூடினால் இன்னும் ஒரு துளி லேசாகும், கனமாகாது. பந்தின் ரப்பரும் சூட்டில் துள்ளலாக இருக்கும். குளிர் நாடுகளில் "குளிர்காலத்துக்கு மென்மையான பந்து" என்று விற்கிறார்கள். அந்தப் பரிந்துரையைப் படித்துவிட்டு உட்லண்ட்ஸில் இருந்துகொண்டு மென்மையான பந்தைத் தேடுவதில் அர்த்தமில்லை. கேமரன் மலைக்குப் போய் ஆடினால் உயரத்தால் காற்று மெலிந்து எல்லாப் பந்தும் கூடப் போகும். அங்கே கிடைத்த எண்ணை இங்கே கொண்டுவந்து அயர்னை (இரும்பு மட்டையை) தேர்ந்தெடுத்தால், கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்னாலுள்ள பங்கரில்தான் (மணல் பள்ளத்தில்தான்) போய் விழும்.

ஒரு திரையைப் படிப்போம்

காற்றில் போகும் தூரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: பந்து கிளம்பும் வேகம், கிளம்பும் கோணம், பின்சுழற்சி. உட்புற சிமுலேட்டர் கூடத்தில் பத்து நிமிடம் அடித்தால் இந்த மூன்றும் திரையில் வரும். ஒரு வழக்கமான திரை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: கிளப் (மட்டை) வேகம் மணிக்கு 88 மைல், பந்து வேகம் 125, கோணம் 10 பாகை, சுழற்சி 3,400.

முதலில் பார்க்க வேண்டியது 125-ஐ 88-ஆல் வகுத்தால் வரும் 1.42. டிரைவரின் நடுவில் பட்டால் இது 1.48 வரை வரும். அதாவது இதே வீச்சில் பந்து 130 மைலில் கிளம்பியிருக்கலாம். பந்து வேகத்தில் ஒரு மைல் என்பது காற்றில் கிட்டத்தட்ட 2 கெஜம். நடுவில் படாததால் மட்டும் பத்துக் கெஜம் போய்விட்டது. இதை எந்தப் பந்தும் மீட்டுத் தராது. கால் வியர்வைக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் லேசாக அடித்துவிட்டு ஐந்து பந்து அடித்தால் எங்கே படுகிறது என்பது வெள்ளையில் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் முகத்தின் குதிகால் (தண்டை ஒட்டிய) பக்கமாக, அடியில் படும்.

அடுத்தது கோணமும் சுழற்சியும். 88 மைல் வீச்சுக்கு 13 முதல் 15 பாகை கோணமும் 2,500 முதல் 2,900 சுழற்சியும் நல்ல இடம். இவருக்குக் கோணம் குறைவு, சுழற்சி அதிகம். பந்து மேலே ஏறி, உச்சியில் நின்று, செங்குத்தாக விழும். இவர் சுழற்சி குறைந்த பந்துக்கு மாறினால் 200, 300 சுற்று குறையலாம். இரண்டு முதல் நான்கு கெஜம் கிடைக்கும். 9 பாகை டிரைவரை 10.5-க்குத் திருகி, பந்தை டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) அரை அங்குலம் உயர்த்தி, முன்காலுக்கு நேராக வைத்து அடித்தால் அதைவிடக் கூடுதல் கிடைக்கும். ஆனாலும் பந்தை மாற்றுவது சுலபம், அதனால் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

இன்னொரு திரை: கிளப் வேகம் 78, கோணம் 9, சுழற்சி 1,900. வயதில் மூத்தவர்களிடமும் தாழ அடித்துப் பழகியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். இவருக்குச் சுழற்சி ஏற்கெனவே போதவில்லை. பந்து தாங்குதல் இல்லாமல் பாதி வழியில் கீழே விழுகிறது. இவர் "குறைந்த சுழற்சி, அதிக தூரம்" என்ற பெட்டியை வாங்கினால் தூரம் குறையும். உயரமாகப் பறக்கும் பந்தும் 12 பாகை டிரைவரும்தான் இவருக்கு மருந்து. சுழற்சி என்றாலே எதிரி என்ற எண்ணம் டூர் (தொழில்முறைப் போட்டி) ஆட்டக்காரர்களின் வேகத்தை வைத்து வந்தது.

டிம்பிள்களின் (பந்தின் மேல் உள்ள சிறு குழிகளின்) வேலை இங்கேதான் வருகிறது. கிரிக்கெட் பந்தின் தேய்ந்த பக்கத்தில் காற்று ஒட்டிக்கொண்டு போகிறதல்லவா, அதே சங்கதி: டிம்பிள்கள் பந்தின் தோலை ஒட்டிய காற்றைக் கலக்கிவிட, அது பந்தின் பின்பக்கம் வரை ஒட்டி ஓடுகிறது, பின்னால் இழுக்கும் குறைந்த அழுத்தப் பகுதி சுருங்குகிறது. டிம்பிள் இல்லாத வழவழப்பான பந்து ஏறத்தாழ பாதித் தூரம்தான் போகும். எத்தனை டிம்பிள் என்பது முக்கியமில்லை. 2021 முதல் வந்த டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1-இல் 388, ப்ரோ வி1எக்ஸில் 348; குறைவாக இருக்கும் எக்ஸ்தான் உயரமாகப் பறக்கிறது. ஆழமும் விளிம்பின் சாய்வும்தான் கணக்கு. கார்ட் பாதையின் சிமெண்டில் பட்ட பந்தை எடுத்து விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கிப் பிசிறு எழும்பியிருக்கும். அந்தப் பந்தை அடுத்த டீயில் வைத்துவிட்டு "இன்று டிரைவர் சரியில்லை" என்று சொல்கிறவர்கள் அதிகம்.

கெட்டியான இரண்டடுக்குப் பந்து

நடுவில் பெரிய ரப்பர் உட்கரு, மேலே அயனோமர் உறை. சர்லின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும் பிளாஸ்டிக். பினாக்கிள் ரஷ், கேலவே வார்பேர்ட், ஸ்ரிக்ஸன் டிஸ்டன்ஸ், டைட்டிலிஸ்ட் வெலாசிட்டி, டெகாத்லானில் கிடைக்கும் இனெஸிஸ் டிஸ்டன்ஸ் எல்லாம் இந்த ரகம். உட்கரு பெரிதாக இருப்பதால் அடித்த சக்தியில் பெரும்பங்கு வேகமாகத் திரும்பி வருகிறது. உறை கெட்டியாக இருப்பதால் கிளப் முகத்தைப் பிடித்துச் சுழலாது. ஸ்லைஸும், அதாவது பந்து பக்கவாட்டில் வளைவதும், கொஞ்சம் குறைந்து தெரியும். ஸ்லைஸின் காரணம் முகம் திறந்திருப்பதும் வீச்சின் பாதையும்தான். இந்தப் பந்து வளைவைச் சற்றுச் சின்னதாக்கும், திருத்தாது.

75 முதல் 92 மைல் வரை அடிப்பவருக்கு, ஒரு ஆட்டத்தில் நாலைந்து பந்தைக் குளத்துக்குக் கொடுப்பவருக்கு, தூரத்தை மட்டும் பார்த்தால் இதுவே நேர்மையான தேர்வு. அயர்னிலும் இது தூரம் தரும். 7 அயர்ன் அரை கிளப் கூடப் போவது போல் இருக்கும். ஆனால் அதே காரணத்தால் கிரீனில் நிற்காது. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

மென்மையான பந்தும் அதைப் பற்றிய கட்டுக்கதையும்

இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. கேலவே சூப்பர்சாஃப்ட், வில்சன் டுவோ சாஃப்ட், ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீல், டைட்டிலிஸ்ட் ட்ரூஃபீல் ஆகியவை கம்ப்ரஷன் (நசுங்காமல் எதிர்க்கும் இறுக்கம்) குறைந்த பந்துகள். "மெதுவாக அடிப்பவரால் கெட்டிப் பந்தை நசுக்க முடியாது, மென்மையான பந்தை நசுக்க முடியும், ஆகவே தூரம் போகும்" என்பது கடைக்குக் கடை கேட்கும் வாதம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இயற்பியல் அப்படி இல்லை. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது அரை மில்லிவினாடிக்கும் குறைவு. 75 மைல் வீச்சிலும் எந்தப் பந்தும் நன்றாகவே நசுங்கும். அதிகமாக நசுங்கும் பந்து அந்தச் சக்தியில் ஒரு பங்கை உள்ளுக்குள் சூடாக்கி இழந்துவிடும். அதனால் மென்மையான பந்து பொதுவாக மெதுவான பந்து.

இந்த இழப்பு 75 மைலில் ஒரு கெஜம் இரண்டு கெஜம்தான், கண்ணுக்கே தெரியாது. 100 மைலைத் தாண்டினால் டீயிலிருந்து நன்றாகவே தெரியும். ஆகவே வேகமாக அடிக்கும் இளைஞர் "மென்மையாக இருக்கிறது" என்று இதை எடுத்தால் தூரத்தை விலை கொடுத்து இழக்கிறார். மெதுவாக அடிப்பவர் எடுத்தால் தூரத்தில் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. பட்டரில் (குழிக்குள் தட்டும் மட்டையில்) அந்த மெல்லிய சத்தம் பிடித்திருந்தால், சுழற்சி குறைந்து பந்து நேராகப் போவதாகத் தோன்றினால், தாராளமாக ஆடலாம். தூரத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

யூரித்தேன் உறையும் பல அடுக்கும்

ப்ரோ வி1 2000-ஆம் ஆண்டில் டூருக்கு வந்தபோது நூல் சுற்றிய பந்துகளின் காலம் முடிந்தது. அதுவரை தூரமும் கிரீனில் பிடிப்பும் ஒரே பந்தில் கிடைக்காது என்பது நம்பிக்கை. பல அடுக்கு என்பதன் பயன் இதுதான்: டிரைவர் வேகமாக அடிக்கும்போது உட்கருவும் நடு அடுக்கும் பேசுகின்றன, சுழற்சி குறைகிறது, வெட்ஜில் (கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்கும் மட்டையில்) மெதுவாக, சாய்வாகப் படும்போது மெல்லிய யூரித்தேன் (மென்மையான பிளாஸ்டிக்) உறை கிளப் முகத்தின் பள்ளக்கோடுகளைப் பிடித்துக்கொள்கிறது, சுழற்சி ஏறுகிறது.

ஆகவே டிரைவரில் இவை "டிஸ்டன்ஸ்" பந்துகளைவிடக் குறைவாகப் போகும் என்பது பழைய நினைப்பு. 95 மைலுக்கு மேல் அடிப்பவருக்கு டிபி5எக்ஸ், ஸீ-ஸ்டார் எக்ஸ்வி, ப்ரோ வி1எக்ஸ் போன்ற கெட்டியான யூரித்தேன் பந்துகள் விலை குறைந்த தூரப் பந்துக்கு இணையாகவோ கூடுதலாகவோ போகும். இந்த ரகத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ப்ரோ வி1எக்ஸ் உயரமாகப் பறக்கும், சுழற்சி கூடும். ஏவிஎக்ஸ் தாழப் பறக்கும், சுழற்சி குறையும். டிபி5-ஐவிட டிபி5எக்ஸ் கெட்டி, வேகம். இரண்டாவது திரைக்காரர் இந்த விலையில் வாங்குவதானால் உயரமாகப் பறப்பதை எடுக்க வேண்டும். முதல் திரைக்காரருக்கு ஏவிஎக்ஸ் ஓரளவு உதவும், ஆனால் நம் ஈரத் தரையில் மிகத் தாழ்ந்து பறக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்று ஒரு தனிக் கணக்கு. வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலிருந்து மார்ச் வரை. சாங்கி, தானா மேரா பக்கம், செந்தோசாவின் செராப்பாங் திடல், பிந்தானின் கடலோர ஹோல்கள் ஆகிய இடங்களில் எதிர்க்காற்றில் சுழற்சி மிகுந்த பந்து மேலே எழும்பி நின்றுவிடும். வருடத்தில் பாதி ஆட்டம் கடலோரத்தில் என்றால் சுழற்சி குறைந்ததன் பக்கம் சாயலாம்.

இரண்டுக்கும் நடுவே ஸ்ரிக்ஸன் க்யூ-ஸ்டார் டூர், டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ் போன்றவை இருக்கின்றன: யூரித்தேன் உறை, மூன்று அடுக்கு, விலை கொஞ்சம் குறைவு, உட்கரு மென்மை. 85 முதல் 95 மைல் வரை அடித்து, கிரீனில் பந்து நிற்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இவை போதும். அதற்கு மேல் வேகமாக அடிப்பவருக்குத் தூரத்தில் ஓரிரு கெஜம் குறையும்.

கிரீனில் ஏன் எண்ண வேண்டும்

தூரத்தைப் பற்றிய கட்டுரையில் வெட்ஜைப் பேசுவது சுற்றி வளைப்பதுபோல் தோன்றலாம். ஆனால் 360 மீட்டர் பார்-4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் 185 மீட்டர். மீதி 175. சிறந்த பந்து 4 கெஜம் கூட்டித் தந்தால், மீட்டரில் மூன்றரைச் சொச்சம், மீதி 171. இரண்டு கிளப்புக்கு இடையே 10 முதல் 12 மீட்டர் இடைவெளி. அதாவது லாபம் மூன்றில் ஒரு கிளப். கையில் எடுக்கும் கிளப்பே மாறாது.

கிரீனில் என்ன நடக்கிறது? 50 கெஜத்திலிருந்து அரை வீச்சு வெட்ஜ் அடித்தால் யூரித்தேன் பந்துக்கும் கெட்டியான அயனோமர் பந்துக்கும் சுழற்சியில் 2,000 சுற்று வித்தியாசம் சாதாரணம். ஈரம் இருந்தால் இன்னும் மோசம். காலைப் பனியோ மழையோ பந்துக்கும் முகத்துக்கும் இடையே நீர்ப்படலம் போட்டுவிடும். அயனோமர் அதில் வழுக்கும், யூரித்தேன் ஓரளவு பிடிக்கும். கவ்கிராஸ் ரஃபிலிருந்து (ஃபேர்வே ஓரத்து நீளப் புல்லிலிருந்து) அடித்தாலும் இதே கதை. அகலமான இலை நடுவில் புகுந்துகொள்ளும், பந்து எதிர்பார்த்ததைவிடப் பத்து மீட்டர் கூடப் பறந்து கிரீனைத் தாண்டும். டிரைவரில் சேர்த்த மூன்றரை மீட்டரை இங்கே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்போம்.

இதில் எங்கள் தீர்ப்பு இதுதான்: ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு கிரீனையாவது நேரடியாகப் பிடிப்பவர், தூரத்தில் எதையும் விடாமல் யூரித்தேனுக்குப் போகலாம். கிரீனைப் பிடிப்பதே அபூர்வம் என்றால், உருட்டி ஏற்றும் சிப் பழகியவர் என்றால், கெட்டியான இரண்டடுக்கு. மென்மையான இரண்டடுக்கு, தூரம் தேடுகிறவருக்கு மூன்றாவது இடம்.

வெள்ளிக் கணக்கு

பன்னிரண்டு பந்துள்ள உயர்ரகப் பெட்டி 78 வெள்ளி என்று வைத்தால் ஒரு பந்து 6 வெள்ளி 50 காசு. ஒரு சுற்றில் ஐந்து போனால் 32 வெள்ளி தண்ணீரில். 28 வெள்ளிப் பெட்டியில் ஒரு பந்து 2 வெள்ளி 33 காசு. ஐந்து போனால் 12 வெள்ளி கூட ஆகாது. மாதம் இரண்டு முறை ஆடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 500 வெள்ளி வித்தியாசம். அந்தப் பணத்தில் ஓர் ஆசிரியரிடம் சில வகுப்புகள் எடுக்கலாம், அவர் முதல் திரையில் பார்த்த 1.42-ஐ 1.46 ஆக்கினால் எந்தப் பந்தும் தராத தூரம் வரும். இன்னொன்றும் உண்டு: விலை உயர்ந்த பந்தைத் தண்ணீருக்கு மேல் அடிக்கும்போது கை இறுகும், வீச்சு சுருங்கும். கடைசி மூன்று ஹோலுக்குப் பழைய பந்தைப் பையிலிருந்து எடுக்கிறவர் ஒவ்வொரு ஃப்ளைட்டிலும் இருக்கிறார். பாதி ஆட்டத்தில் பந்தை மாற்றினால் சிப்பிங் தூரமே மாறிவிடும். 18 ஹோலுக்கும் ஒரே ரகமாக வாங்கக்கூடிய விலையில் வாங்குவதே மேல்.

மரினா பே திடல் 2024 ஜூனில் மூடிய பிறகு பொதுமக்கள் ஆடும் இடம் குறைந்து, ஜொகூர், பாத்தாம், பிந்தான் போக்குவரத்து கூடியிருக்கிறது. போகிற இடத்தில் அவசரமாக ஏதோ ஒரு பெட்டி வாங்காமல், பழகிய பந்தை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். கெஜத்தில் பழகியவர் ஸ்கோர் அட்டை மீட்டரிலா கெஜத்திலா என்று முதலில் பார்க்க வேண்டும். 200 மீட்டர் என்பது 219 கெஜம். பந்தின் மேல் பழி போட்டவர்களில் சிலருக்கு இந்த 19 கெஜம்தான் உண்மையான வித்தியாசம்.

குளத்திலிருந்து எடுத்த பந்து

கரௌசல் இணையச் சந்தையில் ஐம்பது பந்து, நூறு பந்து என்று மூட்டையாகக் கிடைக்கும். முதல் தரம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஆடத் தகுந்ததே. சில நாள் தண்ணீரில் கிடந்த பந்துக்குப் பெரிய கேடில்லை. மாதக்கணக்கில் சேற்றில் புதைந்தது வேகத்தை இழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. நிறம் சற்று மங்கி மஞ்சள் பூத்திருந்தால் ஒதுக்குங்கள். அதைவிட எச்சரிக்கை வேண்டியது மறுபடி சாயம் பூசிய பந்தில். சாயம் டிம்பிளுக்குள் தேங்கி ஆழத்தைக் குறைக்கிறது, பறக்கும் விதமே மாறுகிறது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் டிம்பிளின் விளிம்பு கூர்மையாக இல்லாமல் உருண்டு தெரியும். எழுத்தச்சு அளவுக்கு மீறிப் பளபளக்கும். நகத்தால் சுரண்டினால் மேலே ஓர் அடுக்கு கிளம்பும். பிரபலமான பெயரில் போலிகளும் உலவுகின்றன. புதுப் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தால் அச்சின் ஒழுங்கையும் எண்ணின் இடத்தையும் கடையில் இருக்கும் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நிறம் தூரத்தைத் தொடாது. மழைக்குப் பின் இலைச் சருகுக்குள் மஞ்சள் பந்து சீக்கிரம் கண்ணில் படும், அதுவே அதன் நன்மை.

எப்படிச் சோதிப்பது

ரேஞ்சில் அல்ல. ரேஞ்ச் பந்துகள் தாங்கும்படி கெட்டியாகச் செய்தவை, பல இடங்களில் தூரம் குறைக்கப்பட்டவை, ஆயிரம் அடி வாங்கியவை. ரேஞ்சின் திரை அந்தப் பந்தை நல்ல பந்தாக மதிப்பிட்டுக் காட்டினாலும் உங்கள் பந்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சிமுலேட்டர் கூடத்துக்கு மூன்று ரகத்தில் மூன்று மூன்று புதுப் பந்துகளோடு போங்கள். ரேடார் வகை இயந்திரமானால் உட்புறத்தில் சுழற்சியைச் சரியாக அளக்கப் பந்தில் அடையாளம் தேவைப்படலாம். கேமரா வகையானால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. பத்துப் பந்து அடித்து உடம்பு சூடான பிறகு ஆரம்பிக்கவும். ஒரே ரகத்தைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. முதலில் அடித்தது எப்போதும் குறைவாகவும் கடைசியில் களைப்பாகவும் வரும். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி, ஒவ்வொன்றிலும் பத்து அடி. குதிகாலில் பட்டதையும் மேலே உரசியதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் சராசரியைவிட நடு எண்ணைப் பாருங்கள். காற்றில் போன தூரத்தில் 3 கெஜத்துக்குள் இருந்தால் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பிறகு திடலில், கிரீனிலிருந்து 40 மீட்டரில் நின்று அதே ரகங்களை வெட்ஜால் ஐந்து ஐந்து அடியுங்கள். முகத்தை ஒவ்வொரு முறையும் துண்டால் துடைத்து அடிப்பது ஒரு வரிசை. பந்தையும் முகத்தையும் தண்ணீரில் நனைத்து அடிப்பது இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசையில் எது கிரீனைவிட்டு ஓடுகிறதோ, அதை ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் ஆடுகிறவர் வாங்கலாம். நவம்பரிலும் ஆடுகிறவர் விட்டுவிடலாம்.

வெயிலில் நிறுத்திய காரின் பூட்டில் பந்துகளை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். சூடு நீண்ட காலத்தில் பந்தைக் கெடுக்கும். சூடான பந்து கூடப் போகும் என்று வேண்டுமென்றே சூடாக்குவது விதிக்கே புறம்பு, விதி 4.2 அதற்குத் தகுதி நீக்கம் என்கிறது. கிளப் போட்டியில் ஆடுகிறவர்கள் யூஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ வெளியிடும் அங்கீகரித்த பந்துகளின் பட்டியலில் தங்கள் ரகத்தை, பந்தில் அச்சான எழுத்தோடும் குறியோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பெயர் ஒன்றாகவும் குறி வேறாகவும் இருந்தால் அது வேறு பந்து.